வெள்ளி கிரகத்தில் ஒரு கானகம்

வைகறையில் கீழ்வானத்தில் வெள்ளி முளைத்ததைப் பார்த்து ஏர் பூட்டப் புறப்பட்ட உழவர் மரபினர் நாம். ஆண்டாள் தம் திருப்பாவையில் தோழியை எழுப்பும்போது, பொழுது புலர்ந்ததற்கு வெள்ளி எழுந்ததையே சான்றாகக் காட்டினார். வெள்ளி தென்திசை சென்றால் மழை பொய்க்கும் என்பது சங்க காலத்து நம்பிக்கை. அவ்வாறு வெள்ளி திசைமாறி வானம் வறண்ட காலத்திலும் காவிரி பொய்யாது என்று கூறித்தான் பட்டினப்பாலை தொடங்குகிறது. வெள்ளியையும் மழையையும் சேர்த்து எண்ணும் வழக்கம் நமக்கு மட்டுமே உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலைநாட்டு அறிஞர் சிலரும் கதாசிரியர் பலரும் முற்றிலும் வேறொரு வழியில் அதே இடத்திற்கு வந்து சேர்ந்தனர். வெள்ளியில் ஓயாத மழை பெய்கிறது; மழையால் காடு மண்டிக் கிடக்கிறது; காட்டிலே விசித்திரமான உயிர்கள் திரிகின்றன; விண்வெளிப் பயணிகள் அங்கே இறங்கும்போது அவ்வுயிர்கள் அவர்களைப் படாதபாடு படுத்துகின்றன. இவ்வாறு ஒரு கானகமே அவர்கள் உள்ளத்தில் வளர்ந்தது. அந்தக் கானகம் எவ்வாறு முளைத்தது, அதில் உயிர்களைக் குடியேற்றியவர் யாவர், இறுதியில் அது எவ்வாறு மறைந்தது என்பவற்றை இங்கே காண்போம்.

வேற்றுலகத்திற்குப் பயணம் செய்து அங்குள்ள விந்தை உயிர்களைக் கண்டதாகக் கதை கூறும் வழக்கம் மிகப் பழமையானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லூசியன் என்பவர் கிரேக்க மொழியில் 'உண்மை வரலாறு' என்ற நூலை இயற்றினார். பெயர்தான் உண்மை வரலாறு. தாம் சொல்லப்போவது முழுவதும் பொய்யே என்று அவரே முன்னுரையில் கூறிவிடுகிறார். சூறாவளியில் சிக்கிய கப்பலொன்று வானில் பறந்து சந்திரனை அடைகிறது. அங்கே மூன்று தலைக் கழுகுகள்மீது ஏறிச் செல்லும் வீரர்களையும், சிறகுக்குப் பதிலாகக் கீரை இலை முளைத்த பறவைகளையும் பயணிகள் காண்கின்றனர். சந்திர மன்னனுக்கும் சூரிய மன்னனுக்கும் அப்போது போர் நடந்துகொண்டிருக்கிறது. போருக்குக் காரணம் யாது? விடிவெள்ளியில் யார் குடியேறுவது என்ற வழக்குத்தான்! வெள்ளி கிரகத்தில் குடியேற வேண்டும் என்ற ஆசைக்கு இலக்கியத்தில் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டு வயது என்று நாம் இதனால் அறிகிறோம்.

தொலைநோக்கி வந்த பின்னர் இக்கற்பனைக்குப் புதிய வலிமை பிறந்தது. 1610ஆம் ஆண்டில் கலீலியோ வெள்ளியை ஆராய்ந்து, அது நிலவைப் போலத் தேய்ந்தும் வளர்ந்தும் தோன்றுவதைக் கண்டார். அது வெறும் ஒளிப்புள்ளி அன்று, சூரியனைச் சுற்றிவரும் உருண்டையான ஓர் உலகம் என்பது தெளிவாயிற்று. உலகம் என்றால் அங்கே குடிகள் இருக்கவேண்டுமே! 1686ஆம் ஆண்டில் ஃபோந்தனெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் உலகங்கள் பலவாயிருத்தலைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளியில் வாழ்வோர் ஸ்பெயின் நாட்டுக் கிரனடாவின் மூர் இனத்தவரை ஒத்திருப்பர் என்பது அவர் கருத்து. வெயிலில் கருத்த மேனியர், கலகலப்பானவர், எப்போதும் காதலிலும் கவிதையிலும் இசையிலும் திளைப்பவர் என்று அவர்களை அவர் வருணித்தார். சூரியனுக்கு அருகிலுள்ள கிரகம், ஆகவே வெப்பம் மிகுதி. வெப்பம் மிகுந்தால் மக்கள் இவ்வாறுதான் இருப்பர் என்பது அவருடைய தருக்கம். இதில் வெள்ளியைப் பற்றிய செய்தி ஏதும் இல்லை. தெற்கே வாழும் அயலாரைப் பற்றி வடக்கே இருந்த ஒருவர் கொண்டிருந்த எண்ணமே வானத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது. இக்குறிப்பை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். மேலே நமக்குப் பயன்படும்.

1835ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க் நகரத்துச் 'சன்' என்ற நாளிதழ் ஒரு பெரும் புரளியைக் கிளப்பியது. அப்போது தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் வானை ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் ஹெர்ஷல், சந்திரனில் காடுகளையும் இரண்டு கால்களால் நடக்கும் நீர்நாய் போன்ற விலங்குகளையும் வௌவால் சிறகு கொண்ட மனிதர்களையும் கண்டார் என்று அது தொடர்ந்து எழுதிற்று. படித்தவர் பலரும் நம்பினர். ஹெர்ஷல் அத்தகைய எதையும் கண்டதுமில்லை, கண்டதாகக் கூறியதுமில்லை.

1901ஆம் ஆண்டில் ஹெச். ஜி. வெல்ஸ் 'சந்திரனில் முதல் மனிதர்' என்ற நாவலை நூலாக வெளியிட்டார். சந்திரனில் பகல் தொடங்கியதும் விதைகள் வெடித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காடு எழும்புவதை அதில் அழகுற வருணித்திருக்கிறார். அடுத்த ஆண்டே பாரிஸ் நகருக்கு அருகில் ஜார்ஜ் மெலியே என்பவர் சந்திரப் பயணத்தைப் பற்றிய ஊமைப்படம் ஒன்றை எடுத்தார். அதில் பயணிகள் இறங்குமிடம் மாபெரும் காளான்கள் நிறைந்த ஒரு காடு. அங்கே வாழும் சந்திரவாசிகள் கழைக்கூத்தாடிகளைப் போலக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு வருகின்றனர். பயணிகள் செய்வது என்ன? கையிலுள்ள குடையால் ஓங்கி அடிக்கின்றனர். அடிபட்ட சந்திரவாசி புகையாக வெடித்து மறைந்துவிடுகிறான். திரையரங்கில் மக்கள் சிரித்து மகிழ்ந்தனர். வந்தவன் பேச வந்தானா, சண்டைக்கு வந்தானா, விளையாட வந்தானா என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

சந்திரனில் காற்றும் நீரும் இல்லை என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்துவிட்டபடியால், கதாசிரியர்கள் வேறு காட்டைத் தேட வேண்டியதாயிற்று. அப்போது அவர்கள் கண்ணில் பட்டது வெள்ளி. அளவில் அது நம் பூமிக்கு இரட்டைப் பிள்ளையைப் போன்றது. 1761ஆம் ஆண்டில் அது சூரியனுக்குக் குறுக்கே கடந்து சென்றபோது கண்ட ஒளிவிளிம்பைக் கொண்டு, அதற்குக் காற்று மண்டலம் உண்டு என்று ருஷ்ய அறிஞர் லொமனோசவ் முடிவு செய்தார். அதன்பின் எவ்வளவு பெரிய தொலைநோக்கியைக் கொண்டு நோக்கினும் வெண்மையான முகில் திரையைத் தவிர வேறொன்றும் தென்படவில்லை. ஒன்றும் தென்படாததே கற்பனைக்குப் பெருந்துணையாயிற்று. முகில் இருக்கிறது, ஆகவே நீர் இருக்கிறது. நீர் மிகுதி, ஆகவே சதுப்பு நிலம். சதுப்பும் வெப்பமும் சேர்ந்தால் காடு. காடு இருந்தால் உயிர்கள். ஒவ்வொரு படியும் அறிவுக்குப் பொருந்துவதாகவே தோன்றுகிறது. முகில் என்றால் நீர்தான் என்ற முதற்படியை மட்டும் எவரும் தட்டிப் பார்க்கவில்லை.

இந்தப் படிகளில் ஏறியவர் சாதாரண மனிதர் அல்லர். ஸ்வீடன் நாட்டு ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1903ஆம் ஆண்டில் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். 1918ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலொன்றில், வெள்ளியின் சராசரி வெப்பம் 47 டிகிரி செல்சியஸ் என்று அவர் கணக்கிட்டார். ஆப்பிரிக்காவின் காங்கோப் பகுதியைவிட அங்கே ஈரம் பன்மடங்கு மிகுதி என்றும், எங்கும் நீர் சொட்டச் சொட்டச் சதுப்பு நிலங்கள் பரந்து கிடக்கும் என்றும் எழுதினார். அங்கே உயர்ந்த விலங்குகள் இருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. பெரும்பாலும் தாவரங்களே இருக்கும் என்றார். ஆனால் காடு என்று ஒரு நோபல் அறிஞர் சொல்லிவிட்ட பிறகு, அதில் விலங்கை ஏவிவிடக் கதாசிரியர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இதற்கிடையில் ஒளியைப் பகுத்து ஆராயும் நிறமாலை முறை வேறு செய்தி கூறிக்கொண்டிருந்தது. 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தைச் சேர்ந்த செயின்ட் ஜானும் நிக்கல்சனும் வெள்ளியில் நீராவியின் அடையாளமே காணவில்லை என்று அறிவித்தனர். 1932ஆம் ஆண்டில் அதே ஆய்வகத்தில் ஆடம்ஸ், டன்ஹம் என்ற இருவர் அங்கே கரியமில வாயு ஏராளமாக இருப்பதைக் கண்டறிந்தனர். அதே 1932ஆம் ஆண்டில்தான் எட்கர் ரைஸ் பரோஸ், வானளாவிய மரங்களின்மீது மக்கள் வாழும் வெள்ளி கிரகத்தைப் பற்றிய தொடர்கதையைத் தொடங்கினார். மவுண்ட் வில்சன் தந்த செய்தியைப் படித்தவர் சிலர். தொடர்கதையைப் படித்தவர் பல்லாயிரவர். அடுத்த முப்பது ஆண்டுக் காலம் கதைகளிலே காடு செழித்தது. 1950ஆம் ஆண்டில்கூட ரே பிராட்பரி, ஓயாத மழையில் வெள்ளிக் காட்டினூடே நடந்து சித்தம் கலங்கும் பயணிகளைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினார்.

இக்கதைகளில் வரும் உயிர்களை நோக்கினால் அவற்றிடையே ஓர் ஒற்றுமையைக் காணலாம். அவை பெரும்பாலும் திருடுகின்றன, கேலி செய்கின்றன, வழியைக் கெடுக்கின்றன, பொருளைக் கடித்து நாசமாக்குகின்றன. காரணம் ஏதுமின்றியே குறும்பு செய்கின்றன. ஏனெனில் அவற்றின் பேச்சு பயணிக்குப் புரிவதில்லை. புரியாத பேச்சு உளறலாகவும் புரியாத செயல் சேட்டையாகவும் அவனுக்குத் தோன்றுகிறது. காங்கோவின் காடுகளுக்கும் மலேயாவின் காடுகளுக்கும் சென்று மீண்ட ஐரோப்பியர் பலர், அங்குள்ள மக்களைப் பற்றி எழுதிய குறிப்புகளும் இதே பாங்கில் அமைந்தவையே. ஃபோந்தனெல் கிரனடா மக்களை வானத்தில் ஏற்றினார்; பிற்காலத்தவர் தம் குடியேற்ற நாடுகளின் காடுகளையும் அங்கு வாழ்ந்தோரையும் ஏற்றினர்.

இவ்வழக்கத்தினின்று ஓரளவு விலகி நின்றவர் ஸ்டான்லி வைன்பாம் என்ற அமெரிக்க எழுத்தாளர். 1902ஆம் ஆண்டில் பிறந்த இவர், விண்வெளிக் கதைகளை எழுதிப் புகழ் பெற்றது ஒன்றரை ஆண்டுக் காலந்தான். 1935 டிசம்பரில், வெள்ளி கிரகத்தில் அன்று, வியாழனைச் சுற்றும் அயோ என்ற துணைக்கோளில் நிகழ்வதாக இவர் எழுதிய 'பித்துப் பிடித்த நிலவு' என்ற கதை வெளிவந்தது. அயோவின் காட்டில் மருந்திலை சேகரிக்க வந்திருக்கிறான் ஒரு மனிதன். பெரிய தலையை நீண்ட கழுத்தில் தாங்கிக்கொண்டு ஓயாமல் கெக்கலி கொட்டிச் சிரிக்கும் ஓர் இனம் அங்கே வாழ்கிறது. சாக்லெட் கொடுத்தால் அவை இலை பறித்துக் கொடுக்கும். எலியை ஒத்த மற்றொரு சிற்றினம் மறைந்திருந்து தொல்லை தருகிறது. பயணிக்கோ கடுங்காய்ச்சல், இல்லாத உருவங்கள் எல்லாம் கண்முன் தோன்றுகின்றன. அந்நிலையில் உண்மையாகவே எதிரில் வந்து நிற்கும் ஒரு பெண்ணையும் காய்ச்சலின் மாயத்தோற்றம் என்று அவன் எண்ணிவிடுகிறான். வேற்றிடத்திற்குச் சென்றவன் காண்பதில் எது அவ்விடத்தது, எது அவனுடைய காய்ச்சலின் விளைவு என்ற கேள்வியை வேடிக்கைக் கதையின் நடுவே வைன்பாம் எழுப்பிவிட்டார்.

இதற்கு முந்திய ஆண்டில், 1934 ஜூலையில், வெளிவந்த அவருடைய செவ்வாய்ப் பயணக் கதை இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அங்கே பயணிக்குத் துணையாக வாய்ப்பது ட்வீல் என்ற உயிர். பார்வைக்குத் தீக்கோழி போன்றது. நினைத்தாற்போல் உயரத் தாவி, மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு வந்து இறங்கும். கோமாளித்தனம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் பழகப் பழகப் பயணிக்கு வியப்பு மேலிடுகிறது. அவனால் ட்வீலின் மொழியில் ஒரு சொல்லையும் கற்க முடியவில்லை. ட்வீலோ அவனுடைய மொழியில் சில சொற்களைக் கற்று, அவற்றையும் எளிய கணக்கையும் கொண்டே அரிய கருத்துகளை உணர்த்திவிடுகிறது. அறிவில் சிறந்தவர் இருவரில் யார் என்ற கேள்விக்குப் படிப்பவரே விடை காணவேண்டும். மனிதனைப் போலச் சிந்திக்காத, ஆயினும் மனிதனுக்குச் சற்றும் குறையாமல் சிந்திக்கின்ற ஓர் உயிரை அக்காலப் பத்திரிகைக் கதைகளுக்குள் கொண்டுவந்தவர் என்று வைன்பாமைத் திறனாய்வாளர் இன்றும் போற்றுகின்றனர். 1935 டிசம்பர் 14ஆம் நாள், தம் முப்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார்.

இங்கே நம் இராமாயணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடலைத் தாண்டி இலங்கைக்குச் சென்ற அனுமனை அந்நகரத்தார் எவ்வாறு கண்டனர்? சோலையை அழித்த குரங்கு என்றுதான் கண்டனர். வாலில் தீ வைத்து வேடிக்கை பார்த்தனர். சொல்லின் செல்வன் என்று இராமன் வியந்த ஒருவன், மொழியும் முறையும் அறிந்த தூதன், அவர்கள் கண்ணுக்கு வெறும் சேட்டைக்காரனாகவே தோன்றினான். மேலைநாட்டுக் கதைகளில் பயணி மனிதன், குறும்பு செய்வது காட்டுயிர். நம் காவியத்தில் காட்டுயிரே பயணி. நிலை மாறினாலும் தவறு ஒன்றே.

தாயகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதை விளக்கிக் கூற வேண்டியதில்லை. மொழி தெரியாத நகரத்தில் வந்து இறங்கிய முதல் நாட்களில், கடைவீதியில் யார் சிரித்தாலும் நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தோம். விலை சொன்னவன் ஏமாற்றுகிறான் என்று நினைத்தோம். நம் பேச்சைத் தகரக் குவளையில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கும் ஓசைக்கு ஒப்பிட்டு நகைத்தவர்களையும் கண்டோம். நாம் அவர்களைக் கண்டதும் அவர்கள் நம்மைக் கண்டதும் ஒரே முகில் திரையின் இரண்டு பக்கங்களிலிருந்துதான். நாற்பது ஐம்பது சொற்கள் நாவில் படிந்த பிறகு அதே கடைக்காரர் 'பையா'வாகவும் 'தாதா'வாகவும் ஆகிவிட்டார். மாறியவர் அவரல்லர், நமக்குத் தெரிந்த சொற்களின் எண்ணிக்கைதான் மாறிற்று.

வெள்ளியின் திரையும் அவ்வாறே மெல்ல விலகியது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தினர் அக்கிரகத்திலிருந்து வரும் வானொலி அலைகளை அளந்து, வெப்பம் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் என்று கணக்கிட்டபோது பலர் நம்பவில்லை. கானகத்தை இழக்க எவருக்கும் மனமில்லை. 1962 டிசம்பர் 14ஆம் நாள், வைன்பாம் மறைந்து சரியாக இருபத்தேழு ஆண்டுகள் நிறைந்த அன்று, 'மாரினர் 2' என்ற விண்கலம் வெள்ளியை ஏறத்தாழ 35,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்று அக்கொதிப்பை உறுதி செய்தது. 1970 டிசம்பர் 15ஆம் நாள் சோவியத் நாட்டின் 'வெனீரா 7' அங்கே தரையில் இறங்கிற்று. வேற்றுக் கிரகமொன்றின் தரையிலிருந்து பூமிக்குச் செய்தி வந்தது அதுவே முதன்முறை. 23 நிமிடங்கள் மெலிந்த குரலில் அது அனுப்பிய செய்தி இதுதான்: வெப்பம் 475 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகும் சூடு அது. அங்குள்ள காற்றின் அழுத்தம் நம் பூமியிலுள்ளதைப் போல ஏறத்தாழ 90 மடங்கு. முகில்களில் இருப்பதும் மழைநீர் அன்று, கந்தக அமிலம் என்பது பின்னர்த் தெரியவந்தது. 1975ஆம் ஆண்டில் 'வெனீரா 9' அனுப்பிய படத்தில் இருந்தவை கற்கள், கற்கள், கற்களே. வைன்பாமின் அயோவும் தப்பவில்லை. 1979 மார்ச்சில் 'வாயேஜர் 1' அருகில் சென்று பார்த்தபோது அங்கே எரிமலைகள் பொங்கிக்கொண்டிருந்தன. ஒரு தலைமுறைக்குள் இரண்டு கானகங்களும் கருகிப்போயின.

ஆயினும் இழப்பு மட்டுமே மிஞ்சியது என்று கருதலாகாது. வெள்ளி ஏன் அவ்வாறு கொதிக்கிறது? அதன் காற்றில் நூற்றுக்கு 96 பங்கு கரியமில வாயு. அது சூரிய ஒளியை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியேறவிடாமல் போர்வையைப் போல மூடிக்கொள்கிறது. கரியமில வாயுவின் இவ்வியல்பைக் கொண்டு, அது மிகுந்தால் நம் பூமியின் வெப்பம் எவ்வளவு உயரும் என்று 1896ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டியவர் யார் தெரியுமா? வெள்ளியில் சதுப்புநிலம் கண்ட அதே அர்ரீனியஸ்தான். திறவுகோல் அவர் கையிலேயே இருந்தது. அங்கே அந்த வாயு நிரம்பிக் கிடப்பதை மட்டும் அவர் அறிந்திருக்கவில்லை. அச்செய்தி வெளிவந்த 1932ஆம் ஆண்டில் அவர் உயிரோடு இல்லை. இன்று பூமியின் காற்றில் கரியமில வாயு பெருகிவருவதை எண்ணி உலகம் கவலை கொள்ளும்போது, வெள்ளி நமக்கு ஓர் எச்சரிக்கையாக வானத்தில் நிற்கிறது. காடு இருந்திருந்தால் வேட்டைக்கும் வாணிகத்துக்கும் போகலாம் என்ற ஆசையையே அது வளர்த்திருக்கும். காடில்லாத வெள்ளியோ இருக்கும் காட்டைக் காக்கவேண்டும் என்று கற்பிக்கிறது.

2024 செப்டம்பரில் நம் இந்திய அரசு வெள்ளியைச் சுற்றிவந்து ஆராயும் விண்கலத் திட்டத்திற்கு ஒப்புதல் வழங்கியது. அக்கலம் அங்கே தேடப்போவது மூன்று தலைக் கழுகையோ, குட்டிக்கரணம் போடும் சந்திரவாசிகளின் உறவினரையோ அன்று. முகிலுக்குக் கீழே உண்மையில் என்ன நடக்கிறது என்பதையே அது கேட்கும். கேட்ட பிறகே சொல்லவேண்டும் என்ற அந்த ஒழுக்கத்தை மனித இனம் வெள்ளியிடம் கற்க ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின. அண்டை வீட்டாரிடம் அதைக் கற்க அவ்வளவு காலம் தேவையில்லை. நாம் வாழும் ஊரின் மொழியில் நாள்தோறும் ஒரு சொல்லைக் கற்றாலே போதும்.